தொல்லியல் சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறீர்களா? மனை பார்ப்பது முதல் கடைக்கால் வரை

எங்கள் ஊரில் ஒரு சோழர் காலக் கோயில் இருக்கிறது. மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயில். அதன் விமானம் தெரிகிற தூரத்தில் நாலரை சென்ட் மனை வாங்கி, வீடு கட்டிப் பால் காய்ச்ச எனக்கு இரண்டேகால் வருஷம் ஆனது. கட்டுமானத்துக்குப் போனது அதில் பத்து மாதம்தான். மீதிக் காலமெல்லாம் எதை எங்கே கேட்பது, எந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அலைந்ததில் போனது. நடுவில் செப்டிக் டேங்க் குழியில் ஒரு பழைய உறைகிணறு வேறு கிடைத்தது.

நீங்கள் அப்படி அலையக் கூடாது. உங்கள் கடப்பாரையால் பழைய பொருள் எதுவும் உடையவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டில், ஓர் ஆள் தன் குடும்பத்துக்காகக் கட்டும் வீட்டைப் பற்றி. அடுக்குமாடி, மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் வேலை உண்டு.

1. அந்தச் சின்னம் யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது என்று பாருங்கள்

பழைய கோயில், கோட்டை, குகை, மேடு எதுவானாலும் முதல் கேள்வி இதுதான். விதிகள் எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களைப் பாதுகாக்கிறது. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், காஞ்சி கைலாசநாதர் கோயில், செஞ்சிக் கோட்டை, சித்தன்னவாசல், ஆதிச்சநல்லூர் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் 2010இல் வந்த திருத்தமும் இவற்றுக்குப் பொருந்தும். மதுரை திருமலை நாயக்கர் மகால் போன்றவை மாநிலத் தொல்லியல் துறையின் கையில் இருக்கின்றன. அவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். உங்கள் மனைக்கு அருகில் இருப்பது மாநிலச் சின்னம் என்றால் அந்தத் துறைக்கே கடிதம் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இனிமேல் நான் சொல்லும் தூரக் கணக்கும் விண்ணப்ப முறையும் மத்திய சின்னங்களுக்கானவை.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. வரப்போரத்து நடுகல், கருவேலங்காட்டுக் கல்வட்டம் (பழங்கால ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள்), உழும்போதெல்லாம் பானை ஓடு வரும் மேடு. நம்மைச் சுற்றி இவைதான் அதிகம். இவற்றுக்குக் கம்பிவேலியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அங்கே நீங்கள் பார்த்து நிறுத்தினால்தான் உண்டு. எட்டாவது படி முழுக்க அதற்காகத்தான்.

இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று: "உண்டியல் இருக்கு, அர்ச்சனை சீட்டு இருக்கு, அப்போ அறநிலையத்துறைக் கோயில்தான்" என்று நினைத்துவிடுவது. பூசையை ஒருவர் நடத்துவார், கட்டடத்தைத் தொல்லியல் துறை பார்க்கும். தஞ்சைப் பெரிய கோயிலே அப்படித்தான்: வழிபாடு அரண்மனை தேவஸ்தானத்தின் பொறுப்பு, கட்டடம் மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பு. வாசலில் துறையின் நீலப் பலகை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பலகை இல்லை என்பதாலேயே சின்னம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். துறையின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

2. தூரத்தை எங்கிருந்து அளப்பது? நான் தவறிய இடம்

மனை வாங்குமுன் கைப்பேசி வரைபடத்தில் விமானத்தில் ஒரு புள்ளி, மனையில் ஒரு புள்ளி வைத்து அளந்தேன். 340 மீட்டர் காட்டியது. 300 மீட்டருக்கு வெளியே இருந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாளே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

சட்டம் விமானத்திலிருந்து அளக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்கச் சொல்கிறது. அந்த எல்லை மதிலோடு நிற்க வேண்டும் என்பதில்லை. எங்கள் கோயிலுக்கு மதிலைத் தாண்டி, ஆடு மேயும் ஒரு மேடும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் சேர்ந்திருந்தது. அதற்குத் தனி சர்வே எண். அந்த மேட்டின் ஓரத்திலிருந்து என் மனையின் அருகு மூலைக்கு 212 மீட்டர்தான்.

ஆகவே இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அளங்கள்:

சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அரசிதழ் அறிவிப்பும், பாதுகாக்கப்பட்ட பகுதியின் வரைபடமும். எந்தெந்த சர்வே எண்கள் உள்ளே வருகின்றன என்பது இதில்தான் தெரியும். சின்னம் இருக்கும் இடத்திலேயே துறையின் பராமரிப்பு அலுவலகம் இருந்தால் அங்கே கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மத்திய அரசுத் துறை என்பதால் இணையத்திலேயே போடலாம்.

இரண்டாவது, உங்கள் மனையின் புலப்படம். எப்.எம்.பி. என்று கேட்டால்தான் தாலுகாவில் சட்டென்று புரியும். சின்னத்துக்கும் மனைக்கும் இடையில் இருக்கும் சர்வே எண்களின் புலப்படங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நில அளவர். தூரம் காக்கை பறக்கும் நேர்கோட்டில்தான். தெரு சுற்றிப் போகும் தூரத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மனையின் எந்த மூலை எல்லைக்கு அருகில் இருக்கிறதோ அந்த மூலை வரை அளக்கச் சொல்லுங்கள். இஸ்ரோ உதவியோடு உருவான ஸ்மாராக் என்ற செயலியில் மனை மூலைகளில் நின்று ஆயத்தொலைவுகளை எடுக்கலாம். விண்ணப்பத்துக்கும் அது பயன்படும். ஆனால் 95 மீட்டரா 105 மீட்டரா என்கிற மாதிரி விளிம்பில் இருந்தால் கைப்பேசியை நம்பாதீர்கள். சங்கிலி பிடித்தே அளந்துவிடுங்கள்.

3. உங்கள் மனை எந்த வளையத்தில் விழுகிறது?

எல்லையிலிருந்து முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. இங்கே புது வீடு கட்ட முடியாது. யாரைப் பிடித்தாலும் முடியாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடம் என்றால் (அல்லது அதன் பிறகு துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியது என்றால்) பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு எழுப்புவது பழுதுபார்ப்பில் வராது.

அதற்கு அடுத்த 200 மீட்டர், அதாவது எல்லையிலிருந்து 100 முதல் 300 வரை, ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இங்கே கட்டலாம். ஆனால் முன் அனுமதி வேண்டும். புதிதாகக் கட்டுவது, இடித்துக் கட்டுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் வேண்டும். மேலே ஒரு மாடி எழுப்பினாலும் பக்கத்தில் ஓர் அறை இழுத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது கட்டுமானமே.

300க்கு வெளியே இந்தத் தூர விதி இல்லை. மண்ணுக்குள் இருப்பது மட்டும் மீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை.

அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கட்டியதை அகற்றச் சொல்லவும் முடியும். கான்கிரீட் போட்ட பிறகு அந்த உத்தரவு வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். நகையை அடகு வைத்துப் போட்ட கூரை அது.

4. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றை நம்பாதீர்கள்

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். மனை தொல்லியல் தடைப் பகுதியில் இருப்பது அதில் வராது. பத்திரப்பதிவு நடந்துவிட்டது என்பதும் கட்டலாம் என்பதற்குச் சான்று ஆகாது.

"டி.டி.சி.பி. அப்ரூவல் மனை சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று என்னிடம் விற்றவர் சொன்னார். மனைப்பிரிவு ஒப்புதல் ஒரு சட்டம், தொல்லியல் அனுமதி இன்னொரு சட்டம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

2024 ஜூலையிலிருந்து சின்ன வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடிக் கட்டட அனுமதி கிடைக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு. நல்ல வசதி. ஆனால் இப்போது மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் விண்ணப்பித்து மாலையில் அனுமதி கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஜே.சி.பி.யைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அந்த அனுமதி தொல்லியல் அனுமதிக்கு மாற்று ஆகாது. விவரம் உண்மை என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள், பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

"பக்கத்துல எல்லாரும் கட்டியிருக்காங்களே" என்பதும் வேண்டாம். அவர்கள் 1992க்கு முன் கட்டியிருக்கலாம், அனுமதி வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம். அவர்கள் வீடு உங்களுக்கு ஆவணம் ஆகாது.

நான் இப்போது யாருக்கும் சொல்வது இதுதான்: விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மனை தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இருப்பதாகத் தெரியவந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று. விற்பவர் அந்த வரிக்குச் சம்மதிக்காவிட்டால் அந்த மனை வேண்டாம்.

5. சேர்க்க வேண்டிய காகிதங்கள்

கிரயப் பத்திரம், பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். விற்றவர் பெயரிலேயே கிடந்தால் முதலில் அதை முடியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். என் கோப்பு முதல் தடவை நின்றதற்கு ஒரு காரணம் அந்தக் கூட்டுப் பட்டா.

கூகுள் எர்த் படத்தில் சின்னத்தின் எல்லையையும் மனையையும் குறித்து, நடுவில் தூரக் கோடு போட்ட அச்சுப் பிரதி. மனையின் நான்கு பக்கமும் நின்று எடுத்த புகைப்படங்கள். அதில் ஒன்றாவது சின்னம் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஆதார் நகல்.

அப்புறம் கட்டட வரைபடம். கோப்புகள் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். தரைப்படம் மட்டும் போதாது. முகப்புத் தோற்றமும் குறுக்குவெட்டும் வேண்டும். உயரம் என்றால் தரையிலிருந்து கூரை வரை என்று பொறியாளர் எழுதிவிடுவார். மாடிப்படித் தலைக்கட்டு, கைப்பிடிச் சுவர், அதற்கு மேலே உட்காரும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்த மொத்த உயரம் தெளிவாக இருக்க வேண்டும். என் வரைபடத்தில் தொட்டி இல்லை. அந்த ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்காக இரண்டு மாதம் போனது. தரைக்குக் கீழே போகும் ஆழமும் அப்படியே: கடைக்கால் எவ்வளவு ஆழம், சம்ப் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று குறித்துக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள். பின்னால் மண்ணில் ஏதாவது கிடைத்தால் அந்தக் குறிப்பு உங்களுக்குத் துணை நிற்கும்.

சில சின்னங்களுக்குத் தனியாக மரபுத் துணைவிதிகள் வெளியாகியிருக்கும். உயரம், முகப்பு பற்றியெல்லாம் அதில் இருக்கும். வரைபடம் போடும் முன்பே உங்கள் சின்னத்துக்கு அப்படி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று மாடிக்கு வரைந்துவிட்டுக் குறைப்பதைவிட, முதலிலேயே அடக்கமாக வரைவது மேல். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் விமானத்தின் கலசம் வரை தெரிகிறது. தெருவில் நிற்கிறவருக்கும் அது தெரிய வேண்டும் இல்லையா?

6. விண்ணப்பம் போகும் வழி, ஆகும் காலம்

தடையில்லாச் சான்று, எல்லோரும் சொல்கிற என்.ஓ.சி., இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை 2015இலிருந்து இருக்கிறது. விண்ணப்பம் முதலில் மாநிலத்துக்கான தகுதி அதிகாரிக்குப் போகும். அவர் அதை 15 நாளுக்குள் டெல்லியிலுள்ள தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை தர வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் தகுதி அதிகாரி அனுமதி அல்லது மறுப்பை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டினால் மூன்றரை மாதம். இது சட்டத்தில் இருக்கும் கணக்கு. கோப்பு குறையோடு திரும்பினால் நாள் நீளும். எனக்கு ஏழு மாதம் ஆனது.

நடுவில் மனையைப் பார்க்க ஆள் வருவார்கள். நீங்கள் அங்கே இருங்கள். எல்லைக் கல் புதருக்குள் மறைந்திருந்தால் முந்தின நாளே வெட்டிச் சுத்தம் செய்து வையுங்கள்.

காலக் கணக்கை நம் மாதத்தோடு சேர்த்துப் போடுங்கள். சித்திரையில் விண்ணப்பித்தால் எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஆவணிதான். கடைக்கால் போட்டு நிமிர்வதற்குள் ஐப்பசி அடைமழை வந்து குழியெல்லாம் குளமாகும். புரட்டாசியில் விண்ணப்பித்தால் தையில் கையில் கிடைக்கும். மழை ஓய்ந்திருக்கும், மனை முகூர்த்தமும் வைக்கலாம். இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு மழைக்காலம் மிச்சமாகியிருக்கும்.

அனுமதிக் கடிதம் வந்ததும் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். உயரம், தளங்களின் எண்ணிக்கை, செல்லுபடியாகும் காலம் மூன்றையும் அடிக்கோடிட்டு மேஸ்திரியிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். மறுப்பு வந்தால் காரணத்தைப் படித்துப் பார்த்து, உயரத்தைக் குறைத்தாலோ இடத்தை மாற்றினாலோ சரியாகுமா என்று பாருங்கள்.

7. எவ்வளவு செலவாகும்?

என்னிடம் விண்ணப்பக் கட்டணம் என்று எதுவும் கேட்கவில்லை. நில அளவைக்கும், உரிமம் பெற்ற பொறியாளரின் முழு வரைபடத்துக்கும், நகல், நோட்டரி, பேருந்துக்கும் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது. என்.ஓ.சி. வாங்கித் தருகிறேன் என்று ஓர் இடைத்தரகர் 60,000 கேட்டார். அவர் செய்யப்போவதும் இதே இணைய விண்ணப்பத்தைத்தான். கொடுக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுதான் பெரியது. காத்திருக்கும் மாதங்களுக்கு வாடகை. ஆள் போய்விடக் கூடாதே என்று மேஸ்திரிக்குக் கொடுத்து வைத்த முன்பணம். வீட்டுக் கடன் அனுமதிக் கடிதத்துக்குக் காலக்கெடு உண்டு. என்.ஓ.சி. வரும் முன்பே வாங்கி வைத்தால் அது காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். கம்பி, சிமெண்டை முன்கூட்டி இறக்காதீர்கள். சிமெண்ட் மூட்டை மழையில் கட்டிதட்டிப் போகும், கம்பி துருப்பிடிக்கும்.

8. தோண்டும்போது: இதைப் பொறுமையாகப் படியுங்கள்

எல்லா அனுமதியும் கையில் இருந்தது. பில்லர் குழிகள் முடிந்து செப்டிக் டேங்குக்குத் தோண்டிக்கொண்டிருந்தோம். ஜே.சி.பி. வேண்டாம், ஆள் வைத்தே தோண்டலாம் என்று நான் சொன்னபோது மேஸ்திரிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கூலி கூடுதல். ஐந்தடி ஆழத்தில் மண்வெட்டி ஏதோ ஒன்றில் உரசும் சத்தம். கல்லில் பட்ட சத்தம் மாதிரி இல்லை, மந்தமாக இருந்தது.

"தம்பி, இங்க வந்து பாருங்க. பானை மாதிரி இருக்கு, ஆனா ரொம்பப் பெருசா இருக்கு" என்றார் மேஸ்திரி.

இறங்கிப் பார்த்தேன். சிவந்த சுடுமண் விளிம்பு ஒன்று, வில் மாதிரி வளைந்து மண்ணுக்குள் போனது. மூன்று விரல் கனம். அதன் உள்பக்க மண் வேறு நிறம், கறுத்து ஈரமாக இருந்தது. வெளிப்பக்க மண் மஞ்சள். கையால் லேசாக மண்ணைத் தள்ளியபோது, முதல் வளையத்துக்குக் கீழே இரண்டாவது வளையம் பொருந்தி உட்கார்ந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுடுமண் உறைகளை அடுக்கிய கிணறு. விளிம்பில் ஓர் இடத்தில் கட்டைவிரல் அழுத்தின பள்ளம் அப்படியே இருந்தது. ஈர மண்ணில் வைத்த விரல். என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நீங்களும் நிறுத்த வேண்டிய அடையாளங்களைச் சொல்கிறேன். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் நிறைய வருவது. மண்ணில் வட்டமாக ஒரு கோடு தெரிவது, அது முதுமக்கள் தாழியின், அதாவது இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானையின், வாயாக இருக்கலாம், உறைகிணறாகவும் இருக்கலாம். இப்போதைய செங்கல்லைவிடப் பெரிதான, தட்டையான செங்கல் வரிசை. சாம்பலும் கரியும் கலந்த ஒரு தனி அடுக்கு. எழுத்தோ உருவமோ உள்ள கல். பச்சை பூத்த உலோகம். எலும்பு.

நிறுத்திய பிறகு செய்ய வேண்டியது இது. பொருளை வெளியே எடுக்காதீர்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலோ, அதுவும் இல்லாவிட்டால் மண்வெட்டிக் காம்போ வைத்து. தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று டேப் பிடித்து எழுதுங்கள். ஆழம் ஏன் முக்கியம் என்றால், கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டை வைத்துத்தான் அந்த அடுக்கின் காலம் கி.மு. 580 என்று கணித்தார்கள். அதே கரித்துண்டு மண் குவியலில் கிடந்திருந்தால் வெறும் அடுப்புக்கரி.

கழுவாதீர்கள். தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் உமியைப் பரிசோதித்துத்தான் அது ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை என்று 2021இல் அறிவித்தார்கள். யாராவது அந்தத் தாழியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வீட்டு வாசலில் துளசி நட்டு வைத்திருந்தால் அந்த உமி போயிருக்கும். கல்வெட்டு என்றால் திருநீறு, சுண்ணாம்பு, மாவு எதையும் தேய்க்காதீர்கள். எழுத்துத் தெரிய வேண்டும் என்றால் சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், நன்றாகத் தெரியும்.

குழியைத் தார்ப்பாயால் மூடி, மழைத்தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் கரை கட்டுங்கள். இரவில் ஒருவர் காவல் இருக்கட்டும். புதையல் என்று ஊருக்குள் பேச்சுப் பரவினால் விடிவதற்குள் குழி இரண்டு மடங்காகிவிடும். வாட்ஸ்அப்பில் படம் போடாதீர்கள். வேலை ஆட்களிடமும் சொல்லிவிடுங்கள்.

யாரிடம் சொல்வது? கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில். அவர் வழியாக வட்டாட்சியருக்கு எழுத்தில். மாநிலத் தொல்லியல் துறையின் தொல்லியல் அலுவலருக்கும், மாவட்டத்தில் அரசு அருங்காட்சியகம் இருந்தால் அதன் காப்பாட்சியருக்கும் நகல். மத்திய சின்னத்துக்கு அருகில் என்றால் மத்திய துறைக்கும் தெரிவியுங்கள். கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சொன்னால் நிலம் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. "மூடிட்டு வேலையப் பாரு தம்பி, யாருக்குத் தெரியப்போகுது" என்று தெரிந்தவர்களே சொன்னார்கள். நிலைமை அவர்கள் நினைப்பது போல இல்லை. ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்பதற்காக மறுநாளே நிலத்தை எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் இடத்தைத் தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிப்பதற்கே முன்னறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதம் தர வேண்டும். கீழடியில் அகழாய்வு நடந்ததே தனியார் தென்னந்தோப்புகளில்தான். குழிகளைப் பதிவுசெய்து மூடி, நிலத்தை உரியவர்களிடமே கொடுத்தார்கள்.

என் குழியை இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அளந்தார்கள், வரைந்தார்கள், உள்மண்ணில் கொஞ்சம் பையில் எடுத்துக்கொண்டார்கள். செப்டிக் டேங்கை ஏழடி தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். உறைகிணற்றை ஆற்று மணல் போட்டு மூடினோம். மொத்தம் ஆறு நாள். இடம் மாறியதை வரைபடத்தில் குறித்து ஒரு கடிதமும் கொடுத்தேன். அதையும் மறக்காதீர்கள்.

9. பொன், காசு, சிலை கிடைத்தால்

இதற்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது காட்டுவதற்குப் பிணை தர வேண்டும்.

மறைத்தால் கண்டெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, பங்கும் போய்விடும். அதற்குத் துணைபோன நில உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை. முறையாகத் தெரிவித்து, யாரும் உரிமை கோராமல் உரிமையாளரற்றது என்று அறிவிக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நில உரிமையாளருக்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

கண்டெடுத்தவர் என்றால் கடப்பாரை பிடித்தவர். கடிதத்தில் உங்கள் பெயரோடு அந்த வேலையாளின் பெயரையும் சேருங்கள். என் உறைகிணற்றில் பொன் ஒன்றும் இல்லை. ஆனாலும் கடிதத்தில் முதலில் மேஸ்திரியின் பெயரைத்தான் எழுதினேன்.

ஐம்பொன் சிலை கிடைத்தால் உடனே காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். ஊர்க்காரர்கள் பூசை செய்ய வேண்டும் என்பார்கள், கேட்டதில் தப்பில்லை. பால் ஊற்றி அபிஷேகம் செய்யாமல், துணியில் சாய்த்து வைத்து, பூமாலை மட்டும் போடட்டும்.

10. சுவர் எழும்பும்போது

அனுமதிக் கடிதம், வரைபடம் இரண்டின் நகலையும் கட்டும் இடத்திலேயே பிளாஸ்டிக் உறையில் வைத்திருங்கள். யார் வந்து கேட்டாலும் உடனே காட்டலாம். அனுமதியில் இல்லாத எதையும் போகிற போக்கில் சேர்க்காதீர்கள். "தகர ஷெட்டுதானே, காம்பவுண்டை ரெண்டு அடி உயர்த்தினா என்ன" என்று மேஸ்திரி கேட்பார். கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கடைக்கால் மட்டத்திலும், கூரை போட்ட பிறகும், தொட்டி வைத்த பிறகும் டேப் பிடித்து உயரம் தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சின்னத்தின் எல்லைப் பக்கம் மண்ணோ ஜல்லியோ கொட்டாதீர்கள், லாரியை அந்தப் பக்கம் திருப்ப விடாதீர்கள். எங்கள் மேட்டின் ஓரத்தில் ஒரு லாரிச் சக்கரம் இறங்கிய தடம் இன்னும் இருக்கிறது. அந்தத் தடத்தில் மழை பெய்யும்போதெல்லாம் ஓடுகள் மேலே வருகின்றன.

எல்லாக் காகிதங்களையும் ஒரே கோப்பில் போட்டு, கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளை மேல்மாடி எழுப்ப நினைத்தாலோ விற்க நினைத்தாலோ முதலில் கேட்கப்போவது அந்த அனுமதிக் கடிதத்தைத்தான். என் கோப்பில் கடைசித் தாளாக உறைகிணற்றின் படம் இருக்கிறது. பின்பக்கத்தில் ஆழமும், செப்டிக் டேங்கிலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி என்பதும் எழுதியிருக்கிறேன். பிறகு யார் அங்கே தோண்டினாலும் அது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.